அரெத்தூசா ஊற்று: கடலுக்கு அடியில் ஓர் ஆறு ஓடுகிறதா?

சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது சிரக்கூசா. அந்த ஊரின் பழைய பகுதி ஒர்திஜா என்னும் குட்டித் தீவு. பாலத்தைக் கடந்து உள்ளே போய் மேற்குக் கரையோரமாக நடந்தால், ஓரிடத்தில் கூட்டம் நிற்கும். எதிரே விரிந்து கிடக்கும் கடலை யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கீழே கல்சுவருக்குள் ஒரு குளம். நடுவில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் பாப்பிரஸ் கோரை. அதன் தலை, சீவாத முடி போல நாலாபுறமும் சிலும்பிக் கிடக்கும். அடியில் வாத்துகள். இன்னும் உற்றுப் பார்த்தால் நம் ஊர் மடவையின் இனத்து மீன்கள் கூட்டமாகத் திரும்புவது தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் நாலெட்டு வைத்தால் கடல். இதுதான் அரெத்தூசா ஊற்று.

இதைப் பற்றிப் பேசுகிற பயண வீடியோ எதைத் திறந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "கிரேக்க நாட்டில் ஓடும் ஓர் ஆறு கடலுக்கு அடியில் பாய்ந்து இங்கே வந்து எழுகிறது." சிலர் புராணம் என்று சொல்லிவிட்டுச் சொல்வார்கள். பலர் அதைக்கூடச் சொல்வதில்லை. கேட்கிறவருக்கும் பெரிதாக உறுத்தாது. ஏனென்றால் "பூமிக்கு அடியில் ஆறு ஓடுது" என்பது நாமே நம்புகிற விஷயம்தான். போர் போடுவதற்கு முன் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருபவர் நம்மிடம் சொல்வதும் அதையேதானே?

அந்த வாக்கியத்தில் எது கதை, எது உண்மை என்று பிரித்துப் பார்க்கலாம். முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அங்கேதான் சுவாரசியம்.

முதலில் கதை

அரெத்தூசா ஒரு வனதேவதை. வேட்டைத் தெய்வமான ஆர்டெமிஸின் தோழி. கிரேக்கத்தின் தென்பகுதியான பெலொப்பொனேசஸில் அல்ஃபேயோஸ் ஆற்றில் ஒருநாள் குளிக்க இறங்கினாள். ஆற்றின் தெய்வம் அவளைப் பார்த்து மயங்கித் துரத்த ஆரம்பித்தது. ஓடிக் களைத்தவள் ஆர்டெமிஸை அழைத்தாள். ஆர்டெமிஸ் அவளை நீராக மாற்றி, நிலத்தைப் பிளந்து வழிவிட்டாள். அவள் ஒர்திஜாவில் ஊற்றாக வெளியே வந்தாள். அல்ஃபேயோஸ் விடவில்லை. தானும் கடலுக்கு அடியில் பாய்ந்து வந்து அவளோடு கலந்தான்.

இந்தக் கதைக்கு ஓர் அரசியல் பயனும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். சிரக்கூசா, கிரேக்கத்தின் கொரிந்து நகரத்தார் கி.மு. 734 வாக்கில் கடல் கடந்து வந்து அமைத்த குடியேற்றம். புது நிலத்தில் குடியேறியவர்களுக்கு "இந்தத் தண்ணீரே நம் ஊர்த் தண்ணீர்தான்" என்று சொல்லிக்கொள்வதை விடப் பெரிய ஆறுதல் என்ன இருக்க முடியும்? அவர்கள் அடித்த வெள்ளிக் காசுகளில் ஒரு பெண் முகத்தைச் சுற்றி டால்பின்கள் நீந்துகின்றன. நன்னீர் தேவதையைச் சுற்றிக் கடல் விலங்கு எதற்கு என்று தோன்றும். கடல் சூழ்ந்த தீவில் நல்ல தண்ணீர் என்பதையே அந்தக் காசு படமாகச் சொல்கிறது என்பது வழக்கமான விளக்கம்.

அன்றைக்கே மறுத்த ஒருவர்

கதையோடு ஒரு சான்றும் உலவியது. அல்ஃபேயோஸ் ஆறு ஒலிம்பியாவை ஒட்டி ஓடுகிறது. அங்கே ஆற்றில் விழுந்த ஒரு கிண்ணம் அரெத்தூசாவில் மிதந்து வந்ததாம். ஒலிம்பியாவில் மாடுகளைப் பலியிடும் நாளில் இங்கே தண்ணீர் நிறம் மாறுமாம்.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புவியியலாளர் ஸ்ட்ராபோ இதைக் கையில் எடுத்துப் பிரித்துப் போட்டார். ஆறு கடலுக்கு அடியில் போக வேண்டுமானால் அதை விழுங்க ஒரு துளை வேண்டும். அல்ஃபேயோஸோ எல்லோர் கண் முன்னாலும் கடலில் போய்க் கலக்கிறது, அங்கே துளை எதுவும் இல்லை. கடலில் கலந்த பிறகு இவ்வளவு தூரம் வந்தது என்றால், அரெத்தூசாவின் தண்ணீர் குடிக்கும்படி இருப்பது எப்படி?

இன்றைய அளவுகளைச் சேர்த்தால் அவர் கட்சி இன்னும் வலுக்கும். ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து சிரக்கூசா நேர்கோட்டில் சுமார் 550 கி.மீ. இடையில் அயோனியக் கடல் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழம் போகிறது. அவ்வளவு ஆழத்தில் கடல்நீரின் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல 300 மடங்கு. அதற்கும் கீழே ஒரு குழாய் ஒரு விரிசலும் இல்லாமல் 550 கி.மீ. ஓட வேண்டும்.

ஸ்ட்ராபோவுக்குப் பிறகு, 2-ஆம் நூற்றாண்டில் வந்த பயண எழுத்தாளர் பவுசானியாஸோ கதையை நம்பினார். டெல்ஃபி கோயிலின் அருள்வாக்கே அப்படிச் சொல்லியிருக்கும்போது நான் எப்படி மறுப்பேன் என்பது அவர் நியாயம். பின்னால் வந்தவர் எல்லாம் தெளிந்தவர் என்று நினைப்பதற்கில்லை.

சரி, ஊற்று என்றால் என்ன?

கோடையில் வறண்ட ஆற்றில் மணலைக் கையால் பறித்திருக்கிறீர்களா? முழங்கை ஆழம் போனதும் மணல் ஈரமாகும். இன்னும் கொஞ்சம் பறித்தால் குழியின் ஓரங்களிலிருந்து தண்ணீர் கசிந்து அடியில் சேரும். அங்கே அடியில் ஆறு ஏதும் ஓடவில்லை. மணல்தான் ஓடாத ஆறாக இருக்கிறது. துகளுக்கும் துகளுக்கும் இடையில் உள்ள சந்துகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பியிருக்கின்றன. நீங்கள் குழி பறித்ததும் அது காலியான இடத்துக்கு வருகிறது, அவ்வளவுதான்.

பூமிக்கு அடியில் பெரும்பாலான இடங்களில் இதே ஏற்பாடுதான். மழை மண்ணில் இறங்குகிறது. மண்ணுக்குக் கீழே உள்ள பாறையின் நுண்துளைகளிலும் வெடிப்புகளிலும் புகுந்து தங்குகிறது. இப்படித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மெல்ல நகரவும் விடும் பாறை அல்லது மணல் அடுக்குக்கு நீர்த்தாங்கி என்று பெயர். மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை எங்கேயும் தெரியாது. ஆனால் வெளிப்புறம் எப்போதும் ஈரம்.

அந்த நீர்மட்டத்தை விடத் தரை தாழ்ந்து போகும் இடத்தில் தண்ணீர் தானாக வெளியே வரும். அதுதான் ஊற்று. ஏரிக்கரையின் அடிவாரத்தில் கசிவு காண்பதும் இதே கணக்கில்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நிலத்தடி நீர் என்பது பெரும்பாலும் ஆறு போல ஓடுவதில்லை, பஞ்சில் நிற்பது போல நிற்கிறது, மெதுவாக நகர்கிறது. தாழ்ந்த இடம் கிடைத்தால் ஊறி வெளியே வருகிறது.

ஆனால் அரெத்தூசா இந்த எளிய வகையில் அடங்காது. ஒர்திஜா சுமார் 1 கி.மீ. நீளமே உள்ள தீவு. அதன் மேல் பெய்யும் மழையை மட்டும் வைத்து, பல நூறு ஆண்டுகளாக ஒரு நகரமே நம்பியிருந்த ஊற்றை நடத்த முடியாது. தண்ணீர் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். இங்கே இரண்டு விஷயங்கள் தேவைப்படுகின்றன: ஒன்று பாறை, இன்னொன்று அழுத்தம்.

மார்பிள் தரையும் எலுமிச்சைச் சாறும்

மார்பிள் தரையில் எலுமிச்சைச் சாறு சிந்தித் துடைக்காமல் விட்டால், மறுநாள் அந்த இடத்தில் பளபளப்பு போய் வெளுத்த தழும்பு ஒன்று இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது கறை இல்லை. கல்லையே சாறு கொஞ்சம் தின்றுவிட்டது.

மார்பிளும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே சரக்கு. மழைநீர் எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு இல்லை என்றாலும், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய சோடாவாக மாறுகிறது. அந்தச் சோடா பல்லாயிரம் ஆண்டுகள் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பில் இறங்கிக்கொண்டே இருந்தால், மயிரிழை விரிசல் விரல் நுழையும் சந்தாகும். சந்து குழாயாகும். குழாய் குகையாகும். இப்படித் தண்ணீர் அரித்துத் துளைத்த சுண்ணாம்பு நிலத்துக்கு கார்ஸ்ட் என்று பெயர்.

சிரக்கூசாவுக்குப் பின்னால் உள்ள இப்லேயி மேட்டுநிலம் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். அதன் உச்சி 986 மீட்டர், ஊரிலிருந்து சுமார் 40 கி.மீ. மேற்கே. ஊரே அந்தக் கல்லின் மேல்தான் இருக்கிறது, அந்தக் கல்லால்தான் கட்டப்பட்டும் இருக்கிறது. அரெத்தூசாவைப் பார்க்கப் போகிறவர்கள், ஊரில் 'டையனீசியஸின் காது' என்னும் பழைய கல்குவாரிக் குகையையும் பார்ப்பார்கள். உள்ளே போனால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஊற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பாறையின் இனம் அது.

கொத்தனாரின் ட்யூப்

அடுத்தது அழுத்தம். வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் ஒரு நீளமான பிளாஸ்டிக் ட்யூப்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இங்கேயும் மறு முனையை நாலு தூண் தள்ளியும் பிடித்து மட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ட்யூப் நடுவில் தரையில் புரளலாம், பள்ளத்தில் இறங்கி ஏறலாம். தண்ணீருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டு முனையிலும் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும்.

இப்போது ஒரு முனையை மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தாழ்வாகக் கிடக்கும் இடத்தில் ட்யூப்பில் ஊசியால் குத்தினால்? பீச்சியடிக்கும்.

அரெத்தூசாவில் நடப்பது அதுதான். மேட்டுநிலத்தில் மழை இறங்கும் இடம் ட்யூப்பின் உயர்ந்த முனை. சுண்ணாம்புப் பாறை அடுக்கு கடற்கரையை நோக்கிச் சரிந்து போகிறது. கரையோரத்தில் அதன் மேல் களிமண் படிவு மூடி போட்டது போல உட்கார்ந்திருக்கிறது. களிமண் தண்ணீரை மேலே விடாது. அதுதான் ட்யூப்பின் சுவர். மூடிக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தில் சிக்கிக்கொண்டு வருகிறது. ஒர்திஜாவில் பாறை பிளவுபட்டு மேலே தெரியும் இடம் ஊசி குத்திய ஓட்டை. இப்படி மூடிய அடுக்கில் அழுத்தப்பட்டு மேலெழும் ஊற்றுக்கு ஆர்ட்டீசியன் ஊற்று என்று பெயர். பிரான்சில் இத்தகைய கிணறுகளுக்குப் பேர்போன ஆர்த்துவா என்னும் பகுதியிலிருந்து வந்த சொல்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இப்படி அழுத்தத்தில் நிற்கும் நீர் இருப்பதால், அதை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டேதான் அங்கே சுரங்கம் தோண்ட முடிகிறது. விட்டால் அடித்தளத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

ஆக, சுருக்கமாக: மேட்டில் மழை, சரியும் சுண்ணாம்புப் பாறை, மேலே களிமண் மூடி, கடலோரத்தில் ஒரு பிளவு. ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? ஒர்திஜா ஒரு தீவு. பெருநிலத்திலிருந்து அதற்குத் தண்ணீர் வரவேண்டுமானால் கடலுக்கு அடியில் உள்ள பாறை வழியாகத்தான் வர முடியும். அதாவது "கடலுக்கு அடியில் வருகிறது" என்ற சொல் உண்மை. தப்பு தூரத்தில்தான். 550 கி.மீ. தள்ளியிருந்து வரவில்லை, எதிர்க்கரையிலிருந்து வருகிறது.

கிரேக்கர்கள் சும்மா கற்பனை செய்யவில்லை

நிலத்தடி ஆறே கிடையாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கார்ஸ்ட் நிலத்தில் உண்டு. நிஜமாகவே ஓடும். பெலொப்பொனேசஸ் அதற்குப் பேர்போன இடம்.

அங்கே மலைகளுக்கு நடுவே வெளியேற வாய்க்கால் இல்லாத பள்ளத்தாக்குகள் பல உண்டு. மழைத் தண்ணீர் முழுவதும் தரையில் உள்ள ஒரு பொந்தில் சுழன்று இறங்கி மறைந்துவிடும். இத்தகைய பொந்துதான் உறிஞ்சுத்துளை. புராண வீரன் ஹெராக்ளிஸ் கொடிய பறவைகளை விரட்டியதாகச் சொல்லப்படும் ஸ்தும்ஃபாலியா ஏரியின் நீர் இப்படி ஒரு துளையில் மறைந்து, ஆர்கோஸ் நகரத்தருகே எராசினோஸ் ஆறாக வெளியே வருகிறது என்று மக்கள் சொன்னதை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்திருக்கிறார். அல்ஃபேயோஸ் ஆறும் அப்படியே: தன் மேற்பகுதியில் மண்ணுக்குள் மறைந்து மறைந்து எழுகிறது என்று பவுசானியாஸ் எழுதுகிறார்.

இன்னும் வியப்பு, ஆர்கோஸ் கரையோரம் டீனி என்ற இடத்தில் கடலுக்குள்ளேயே நன்னீர் குமிழியிட்டு எழும். பழங்காலத்தில் கடல் தெய்வம் பொசைடனுக்குக் காணிக்கையாகக் கடிவாளம் பூட்டிய குதிரைகளை அதில் இறக்குவார்களாம். அந்தக் கரையில் கிவேரி என்னும் ஊருக்கு அருகே இன்றும் கடலில் அரைவட்டமாகச் சுவர் எழுப்பி, எழும் நன்னீரைக் கடலோடு கலக்காமல் பிடித்து வயல்களுக்குக் கொண்டு போகிறார்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துப் பழகிய ஜனங்கள் சிசிலிக்குக் குடியேறினார்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீர் பொங்குவதைக் கண்டார்கள். "இது எங்கோ மறைந்த ஆறு" என்று அவர்கள் நினைத்தது மூடத்தனம் இல்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாத இடத்துக்கு நீட்டிப் பார்த்தார்கள், அளவு மட்டும் கைமீறிவிட்டது.

கிண்ணக் கதையைக் கூட எனக்குப் பிடிக்கும். ஓரிடத்தில் ஒன்றைப் போட்டு இன்னோரிடத்தில் வருகிறதா என்று பார்ப்பதுதானே சரியான சோதனை! இன்று கிண்ணத்துக்குப் பதில் சாயத்தைக் கொட்டுகிறார்கள். 1901-இல் பிரான்சில் அது தானாகவே நடந்தது. பொந்தர்லியே ஊரில் ஒரு மது ஆலையில் மின்னல் விழுந்து தீப்பற்ற, அப்சிந்த் என்னும் மது ஏராளமாக தூப் ஆற்றில் கொட்டியது. ஓரிரு நாளில், மலைக்கு அந்தப் பக்கம் லூ ஆறு பிறக்கும் ஊற்றில் அதே வாசனை! இரண்டும் உள்ளுக்குள் இணைந்தவை என்று ஊருக்கே தெரிந்துபோனது. பின்னால் சாயம் கொட்டிப் பார்த்து உறுதி செய்தார்கள்.

சுவர் எதற்கு, உப்பு எப்படி?

ரோமானிய வழக்கறிஞர் சிசெரோ கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் இந்த ஊற்றைப் பற்றி எழுதும்போது மூன்று விஷயங்களைச் சொல்கிறார்: மிகப் பெரியது, மீன் நிறைந்தது, கல் அணை ஒன்று இல்லாவிட்டால் அலைகளில் மூழ்கிப்போகும். இப்போது நாம் பார்க்கும் குளத்தின் வடிவம் 19-ஆம் நூற்றாண்டில் அமைந்தது. வேலை மட்டும் அதே வேலை.

சுவர் மேலே வரும் அலையைத் தடுக்கும். கீழே வரும் கடலை எது தடுக்கிறது? நன்னீரே தடுக்கிறது. 1 லிட்டர் நன்னீர் 1,000 கிராம் என்றால் 1 லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிராம். கனமானது அடியில், லேசானது மேலே. கடலோரப் பாறைக்குள் நன்னீர் கடல்நீரின் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. எடை வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் கணக்கு விசித்திரமாக வரும்: நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை கடல்நீரை அமுக்கி வைத்திருக்கும்.

இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே 1 மீட்டர் குறைந்தால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறி வரும். கடலோர நிலத்தடி நீர் ஏன் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிறது என்பதற்கு விடை இந்த ஒரே கணக்கில் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் கிணறுகள் உப்பானதும் இப்படித்தான்.

அரெத்தூசாவும் இன்று உப்புக் கண்டிருக்கிறது. இது முதல் முறையும் இல்லை. 1169 பிப்ரவரி 4 அன்று கிழக்குச் சிசிலியை ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. தெளிந்திருந்த ஊற்று கலங்கி உப்புக் கரித்தது என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. பிளவுகள் நகர்ந்தால் கடலுக்கும் வழி திறக்கும் அல்லவா. இன்றைய காரணம் அவ்வளவு நாடகத்தனமானது இல்லை. சிரக்கூசாவுக்கு வடக்கே 1950-களிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வேதித் தொழிற்சாலைகளும் பெருகின, விவசாயத்துக்கும் ஊருக்கும் போர்கள் கூடின. இறைக்க இறைக்க நிலத்தடியில் அழுத்தம் இறங்கியது. ஸ்ட்ராபோ "குடிக்கத் தகுந்தது" என்று வாதாடிய அந்தத் தண்ணீர் இன்று உவர்ப்பு. போகிறவர்கள் கையில் அள்ளிக் குடித்துப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். உவர்நீரும் நன்னீரும் இரண்டுமே ஒத்துக்கொள்ளும் மடவை அந்தக் குளத்தில் சுகமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

போனால் எதைப் பார்ப்பது?

குளத்தை எட்டிப் பார்த்துப் படம் எடுத்ததும் எல்லோரும் ஐஸ்கிரீம் கடையைத் தேடிப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். குளத்தின் நீர்மட்டத்தையும் சுவருக்கு வெளியே கடல் மட்டத்தையும் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள அந்தச் சின்ன உயர வித்தியாசம்தான் ஊற்றின் உயிர். நேரம் இருந்தால் ஊரில் உள்ள பாவ்லோ ஒர்சி தொல்லியல் அருங்காட்சியகத்தில் டால்பின் சூழ்ந்த அந்தக் காசுகளைப் பார்க்கலாம். பாப்பிரஸ் பிடித்துப்போனவர்கள் ஊருக்குத் தென்மேற்கே சியானே ஆற்றுக்குப் போகலாம். அதுவும் ஓர் ஊற்றிலிருந்து பிறப்பது, அதற்கும் ஒரு தேவதையின் பெயர், கரையெல்லாம் அதே கோரை.

கடைசியாக, குளத்துக்கு முதுகைக் காட்டித் துறைமுகப் பக்கம் திரும்புங்கள். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கடலின் அடித்தளத்திலேயே இன்னொரு நன்னீர் ஊற்று இருக்கிறது. ஊரார் அதை சில்லிக்காவின் கண் என்கிறார்கள். அதே பாறையில் இன்னொரு பிளவு, அதே அழுத்தம். சுவர் இல்லாததால் எழுந்த கணமே கடலில் கலந்துவிடுகிறது. ஊர் வழக்கில் அதுதான் அல்ஃபேயோஸ். அவ்வளவு தூரம் துரத்தி வந்தவன், சுவருக்கு வெளியே நிற்கிறான்.